உள்மணி, வெளிமணி

இப்போதும் மதியத்தில் கண் அசந்தால் எனக்கு ஒரு ஃபோன் மணி கேட்கும். வீட்டு ஃபோன் இல்லை, கைப்பேசியும் இல்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருந்த எங்கள் பழைய அலுவலகத்தின் சாம்பல் நிற ஃபோன். பாதித் தூக்கத்திலும் நான் அவசரப்படுவதில்லை. முதலில் காது கொடுக்கிறேன். நீளமாக ஒன்றா, குட்டையாக ரெண்டா? அதை முடிவு செய்வதற்குள் விழிப்பு வந்துவிடும். தெருவில் யாரோ கீரை விற்றுக்கொண்டு போவார்கள். எடுப்பதற்கு முன் மணியைக் கேட்டுப் பார்க்கும் இந்தப் பழக்கம் என் சொந்தப் பழக்கம் இல்லை. எதிர் மேசையில் பல வருடம் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. நான் அவரை "சார்" என்றேன், அவர் என்னைத் "தங்கச்சி" என்றார். எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

எதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் தொட மாட்டார். காலையில் அவரே சமைத்து அவரே கட்டிக்கொண்டு வந்த டிபன் டப்பாதான், ஆனாலும் மூடியைத் திறக்குமுன் ஒருமுறை மோந்து பார்ப்பார். தபால் வந்தால் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கிழிப்பார். சினிமாவுக்குப் போகுமுன் முடிவு என்ன என்று என்னிடம் கேட்டுக்கொண்டு போவார். "முடிவு தெரிஞ்சிட்டா அப்புறம் எதுக்கு சார் போறீங்க?" என்றால், "அப்பத்தான தங்கச்சி நிம்மதியா உக்காந்து பாக்க முடியும்" என்பார். பஸ்ஸின் நெற்றியில் செங்கல்பட்டு என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். டிரைவரை ஒருதரம் கேட்பார், கண்டக்டரை ஒருதரம் கேட்பார், உட்கார்ந்த பிறகு பக்கத்தில் இருப்பவரையும் கேட்பார். எங்கள் செக்ஷனில் இதற்காக அவரைக் கிண்டல் பண்ணாத ஆள் கிடையாது. அவர் சிரித்துக்கொண்டே, "தெரிஞ்சிக்கிட்டுத் தொட்டா கை சுடாதுல்லா" என்பார்.

சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இந்தக் கடற்கரைக்கு வந்து எத்தனையோ காலம் ஆகியும் நாக்கு மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. எங்கள் பேச்சைப் பேசிக் காட்டுகிறேன் என்று "இன்னா கீது தங்கச்சி" என்பார். அது எந்த ஊர்ப் பேச்சாகவும் இருக்காது.

எங்களுடையது கொள்முதல் பிரிவு, முதல் மாடி. சாப்பாட்டுக்குப் பிறகு கடலில் பட்ட வெயில் மேலே எழும்பி எங்கள் கூரையில் வந்து ஆடும். சவுக்குத் தோப்பின் சத்தமும் மின்விசிறியின் சத்தமும் ஒன்றாகிப் போகும். அந்த நேரத்தில் யார் எந்த ஃபைலைப் பார்க்கிறார்கள் என்று சொல்ல முடியாது, பார்க்கிறார்களா என்றும் சொல்ல முடியாது. சூப்பரின்டென்டென்ட் கையில் பேனாவைப் பிடித்தபடியே தூங்குவார். எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து எழுதுவார்.

முதலில் செக்ஷனுக்கே ஒரு ஃபோன்தான். கறுப்பு, கனமான ஃபோன், சூப்பரின்டென்டென்ட் மேசையில். அது அடித்தால் எல்லோரும் எங்கள் பாட்டுக்கு வேலையைப் பார்ப்போம். இவர் மட்டும் எழுதுவதை நிறுத்திவிடுவார். யாருக்கு என்று தெரிகிற வரைக்கும் பேனா காகிதத்துக்கு ஒரு விரல் உயரத்தில் நிற்கும். வேறு யாருக்கோ என்று தெரிந்ததும் எழுத ஆரம்பிப்பார். இதையும் நாங்கள் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டோம். அதன் காரணம் எனக்குத் தெரிந்தது வேறொரு நாள்.

அன்று சாயங்காலம் ஆபீஸ் பஸ் மாமல்லபுரம் தாண்டி நின்றுவிட்டது. மெக்கானிக் வருகிற வரை எல்லோரும் இறங்கி மணலில் போய் உட்கார்ந்தோம். கடல் அன்றைக்குச் சத்தமே போடவில்லை. தூரத்துக் கல் பட்டறைகளில் உளிச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் மனிதர்கள் கேட்காமலே எதையாவது சொல்லிவிடுவார்கள். அவரும் சொன்னார்.

"எம் மக அம்மா செத்துப் போன சேதி அந்தக் கறுப்பு ஃபோன்லதான் வந்துச்சு தங்கச்சி. காய்ச்சல்னு ஊருக்குப் போனவ. நான் ஏதோ டெண்டர் விசயம்னு நெனச்சு சிரிச்சிக்கிட்டே போயி வாங்குதேன். அத்தன பேரும் என் மூஞ்சியவே பாக்காங்க. இந்த மூஞ்சிய என்ன செய்யணும்னே எனக்குத் தெரியல."

மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாளாம். நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவர் கேட்கவில்லை. மணலைக் கையில் அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிசம் முன்னாடி தெரிஞ்சிருந்தாப் போதும். சேதிய மாத்த முடியாது. மூஞ்சியத் தயார் பண்ணிக்கிடலாம்லா?"

அதன்பிறகு அவர் டப்பாவை மோந்து பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்றவர்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

புது டெலிபோன் சிஸ்டம் வந்தது அதற்குப் பிறகு. ஆளுக்கொரு சாம்பல் நிற ஃபோன், ஆளுக்கொரு நம்பர். கீழே வாசல் பக்கத்து அறையில் ஒரு போர்டு, அதன் முன்னால் ஆபரேட்டர் கலாவதி. மாமல்லபுரத்துப் பெண். அப்பா சிற்பி என்பதால் உளிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவள். போர்டே இல்லாமல் கத்தினாலும் மாடிக்குக் கேட்கும். சென்னையிலிருந்து வந்த இரண்டு பையன்கள் எல்லோரையும் கூட்டி வைத்து எதை அழுத்தினால் எது வரும் என்று இங்கிலீஷில் மளமளவென்று சொல்லிவிட்டு, மாமல்லபுரம் பார்க்கப் போய்விட்டார்கள். நாங்கள் ஃபோனைப் பார்த்தோம், ஃபோன் எங்களைப் பார்த்தது.

முதல் வாரம் ஒரே கூத்து. சூப்பரின்டென்டென்ட் ஏதோ பரீட்சை செய்து பார்க்கப் போய், அவருக்கு வரும் ஃபோன் எல்லாம் கேன்டீனுக்குப் போகும்படி திருப்பிவிட்டுவிட்டார். திருப்பியது அவருக்கே தெரியாது. பெரிய அதிகாரி ஒருவர் அவசரமாகக் கூப்பிட, கேன்டீன்காரர் எடுத்து, "போண்டா ஆயிடுச்சி சார், வடதான் கீது, இன்னா அனுப்பணும்?" என்று கேட்டிருக்கிறார். இங்கே சூப்பரின்டென்டென்ட், புது சிஸ்டம் வந்ததிலிருந்து ஆபீஸ் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று எங்களிடம் மெச்சிக்கொண்டிருந்தார். என் எதிர் மேசைக்காரர் போய் அந்த ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்டார்.

"லைன் திக்குது சார். சும்மா இருந்தா ஒரே நீட்டா 'டூ'ன்னு கேக்கணும். இது டு டு டுன்னு திக்கித் திக்கி வருது. எங்கயோ திருப்பி விட்டிருக்கிய."

திருப்பியதை அவர் எடுத்துவிட்டதும் ஃபோன் அடிக்கத் தொடங்கியது. அன்று முழுக்க நிற்கவில்லை. "நிம்மதியா இருந்தேனேய்யா, உன்ன யாரு கேட்டா?" என்று சூப்பரின்டென்டென்ட் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

உள்ளுக்குள் இருந்து யாராவது கூப்பிட்டால் நீளமாக ஒரு மணி. வெளியிலிருந்து வந்தால் குட்டையாக ரெண்டு. இதை எங்களில் முதலில் பிடித்துக்கொண்டது அவர்தான். உள்மணி, வெளிமணி என்று பெயர் வைத்தவரும் அவரே. அந்த வித்தியாசம் புரிந்த நாளில் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சம்பள உயர்வு வந்தபோதுகூட அப்படிச் சிரித்ததில்லை.

"பாதி உசுரு திரும்பி வந்துச்சு தங்கச்சி. ஒண்ணு அடிச்சா ஆபீஸ் விசயம். ஆபீஸுக்குள்ள இருந்து என்ன கெட்ட சேதி வந்துரப் போவுது? ரெண்டு அடிச்சாத்தான் நாம யோசிக்கணும்."

உள்மணி என்றால் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி எடுப்பார். "சொல்லுங்க சொல்லுங்க" என்று குரலிலேயே பாயசம் ஓடும். வெளிமணி என்றால் எழுந்து நிற்பார். ரிசீவரின் மேல் கையை வைத்து, எடுக்காமல் கேட்பார். சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார். முகத்தை ஒரு மாதிரி இறுக்கிக் கட்டிக்கொண்டு, அதற்கப்புறம்தான் எடுப்பார். அந்தப் பக்கம் பேசுவது காம்பவுண்டு சுவருக்குப் பெயின்ட் சப்ளை பண்ணுகிறவனாக இருக்கும். அவனிடம் இழவு வீட்டுக் குரலில், "சரி. சொல்லுங்க. நான் தாங்கிக்கிடுதேன்" என்பார். அவன் விலையை ஏற்றப் பயந்துவிடுவான் என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம்.

மதியங்களில் வேலை இல்லாதபோது சும்மா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பார். யாரோடு பேசுகிறார் என்று பார்த்தால் யாரோடும் இல்லை. டயல் டோனைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் என்னிடம் நீட்டினார். நானும் கேட்டேன். ஒரே சுருதியில் 'டூ' என்று போய்க்கொண்டே இருந்தது. அந்தக் காதில் அது, இந்தக் காதில் சவுக்குத் தோப்பு. கூரையில் வெயில் ஆடிக்கொண்டிருந்தது. எத்தனை நேரம் வைத்திருந்தேன் என்று தெரியாது.

"லைன் சும்மா கெடக்கு. யாரும் கூப்பிடல, யாருக்கும் ஒண்ணும் ஆகல. கேக்கவே நல்லாருக்குல்லா?" என்றார்.

நல்லாத்தான் இருந்தது.

மகளை எனக்குச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரியும். பள்ளிக்கூட லீவில் அப்பாவோடு வந்து என் மேசைக்குக் கீழே உட்கார்ந்து படம் வரைவாள். அவருக்கு நான் தங்கச்சி என்பதால் அவளுக்கு அத்தை. என் டப்பாவிலிருந்து நெத்திலிக் குழம்பை அப்பாவும் மகளும் போட்டி போட்டுக்கொண்டு வழித்துச் சாப்பிடுவார்கள். செங்கல்பட்டில் காலேஜ் முடித்தாள். கூடுவாஞ்சேரியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே கூட வேலை பார்த்த பையனை ஒருநாள் ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள்.

அடுத்த நாளும் அவர் நேரத்துக்கு ஆபீசுக்கு வந்தார். டப்பாவை மோந்து பார்க்காமல் திறந்தார், சாப்பிடாமல் மூடினார். பிறகு எழுந்து நின்று, எங்கள் எல்லோருக்கும் பொதுவாக, "இனிமே வெளிமணி அடிச்சா நான் சீட்டுல இல்ல. யாரு கேட்டாலும் அதான்" என்றார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவர் வளர்த்த பெண் அவரிடம் சொல்லாமல் போய்விட்டாள், மனிதர் உடைந்து கிடக்கிறார் என்று நானும் பரிதாபப்பட்டேன்.

பையன் யார் என்று பிறகுதான் தெரிந்தது. கருங்குழி. என் அம்மா பிறந்த காலனி. அம்மா அடுத்தவர் வயலில் களை எடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். அந்தப் பையனின் அம்மாவும் அதே வயலில் களை எடுத்தவள், அவனையும் அப்படித்தான் படிக்க வைத்தாள். நானும் கவர்மென்ட் சம்பளம் வாங்குகிறேன், அவனும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறான். எங்களுக்குள் வித்தியாசம் என்று பார்த்தால் வயசு ஒன்றுதான். இது அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே தினமும் எதிரில் உட்கார்ந்து "தங்கச்சி, கொஞ்சம் குழம்பு" என்று டப்பா மூடியை நீட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. சின்னக் கோபம் இல்லை. ஒருநாள் குழம்பை ஊற்றாமல் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"சார், என் வூட்டுக் கொழம்பு எறங்குது. எங்க தெருப் பையன் மட்டும் எங்க போயி அடைக்கிறான்?"

அவர் தலை குனிந்தார். "உன்னைய சொல்லல தங்கச்சி."

"என்ன சொல்லலன்னா, அப்ப யாரதான் சொல்றீங்க?"

அவர் மூடியை எடுத்துத் தன் டப்பாவின் மேல் வைத்து மெதுவாக அமுக்கினார். அதன்பிறகு கேட்கவும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை. ஆனால் பேச்சை நிறுத்தவில்லை. எதிரும் புதிருமாக அத்தனை வருடம் உட்கார்ந்தவர்களுக்குப் பேசாமல் இருக்கத் தெரியாது. அந்த மனிதரைப் பிடிக்காமல் போய்விட்டால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அது நடக்கவில்லை.

மகள் வாரம் ஒருமுறை ஃபோன் பண்ணுவாள், பெரும்பாலும் மதியத்தில். கலாவதி அவர் நம்பருக்குத் தள்ளிவிடுவாள். அவர் மேசையில் குட்டையாக ரெண்டு மணி அடிக்கும். அவர் எழுந்து ஜன்னலுக்குப் போய், கடலைப் பார்த்து நின்றுகொள்வார். நான் எட்டி எடுப்பேன்.

"அத்தை, அப்பா இருக்காரா?"

"சீட்டுல இல்லம்மா."

"ஜன்னல்கிட்ட நிக்கிறாரா?"

"ஆமாம்மா."

"சாப்ட்டாரா?"

"சாப்ட்டாரு. நீ எப்படி கீற? ஒடம்பு எப்படி கீது?"

இப்படி ரெண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவாள். அவர் திரும்பி வந்து உட்கார்ந்து, ஃபைலைப் புரட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்பார்.

"லைன் கிளியரா இருந்துச்சா தங்கச்சி?"

"இருந்துச்சு சார்."

"பின்னால வண்டி சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்ப ரோட்டு மேல இருக்க பூத்து. நின்னுக்கிட்டேதான் பேசணும். நடுவுல டொக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு சார்."

"காசு போட்டுப் பேசுதா. வீட்டுல ஃபோன் இல்ல." அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "குரல் எரைச்சலா இருந்துச்சா, இல்ல லைன்தான் எரைச்சலா?"

மகள் நன்றாக இருக்கிறாளா என்று கேட்க அவருக்கு வாய் வராது. லைனைப் பற்றி எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்பார். நானும் வீம்புக்கு லைனைப் பற்றி மட்டுமே சொல்வேன். ஒருதரம், "லைன்ல ரெண்டு பேரு மூச்சு கேட்டுச்சு சார். உண்டாயிருக்காளாம்" என்றேன். அவர் ஃபைலைப் புரட்டுவதை நிறுத்தவில்லை. ஆனால் பின்னாலிருந்து முன்னால் புரட்டிக்கொண்டிருந்தார்.

அந்த நாள் வந்தது. எந்த மாதம் என்று நினைவில்லை. கூரையில் வெளிச்சம் ஆடியது நினைவிருக்கிறது. அவர் மேசையில் ரெண்டு மணி அடித்தது. வழக்கம்போல ஜன்னலுக்குப் போனார். நான் எடுத்தேன். அவள் குரல் சரியில்லை. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், நாளைக் காலை ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். "அப்பாகிட்ட ஒரு வார்த்த பேசிட்டுப் போயிடறேன் அத்தை. ஒரே வார்த்த" என்றாள். நான் ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "சார், இன்னைக்கு எடுத்துடுங்க" என்றேன். அவர் திரும்பவில்லை. முதுகு மட்டும் இன்னும் கொஞ்சம் விறைத்தது. அவளிடம் பொய் சொல்ல அன்று எனக்கு நாக்கு எழவில்லை. லைனைத் திரும்பக் கலாவதியிடமே அனுப்பிவிட்டு வைத்தேன்.

அவர் வந்து உட்கார்ந்தார். லைனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. குண்டூசி டப்பாவைக் கவிழ்த்துவிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

என் ஃபோனில் உள்மணி அடித்தது. கலாவதி.

"இன்னாக்கா, அந்தப் பொண்ணு அழுதுகினு கீது. லைன நிறுத்தி வச்சிகீறேன். இவரு இன்னா மனுசன்?"

"நான் இன்னா பண்ணட்டும்? ரெண்டு மணி கேட்டாலே எழுந்து ஓடுறாரு."

"நான் பாட்டுக்குத் தள்ளி வுட்டாதான்க்கா ரெண்டு அடிக்கும். நானே அவரக் கூப்ட்டேன்னு வையி, ஒரே மணிதான். எடுத்தவுடனே அந்தப் பொண்ண சேத்து வுட்டுட்டு நான் எறங்கிக்கிறேன். வுடவா?"

நான் எதிரே பார்த்தேன். குண்டூசிகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கும் அந்த விரல்கள். அவருக்கு உலகத்தில் நம்பிக்கை இருந்தது அந்த ஒற்றை மணியின் மேல்தான். அதிலிருந்து கெட்டது எதுவும் வராது என்று நம்பிக்கொண்டிருந்தார். அதைத்தான் நாங்கள் பிடுங்கப் போகிறோம். ஆனால் அங்கே ஒரு பெண் ஆஸ்பத்திரி வாசல் பூத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"வுடு" என்றேன்.

ஒரே மணி. நீளமாக. அவர் கை ரிசீவரின் மேல் போய் உட்கார்ந்தது. அந்த மணி முழுசாக முடிகிற வரை கேட்டார். முகம் தளர்ந்தது.

"சொல்லும்மா கலாவதி" என்று எடுத்தார்.

அந்தப் பக்கம் என்ன பேசப்பட்டது என்பதை, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் ஒருநாள் வந்தபோது அவள் சொல்லித் தெரிந்துகொண்டேன். இரண்டு பக்கத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

"அப்பா" என்றாள்.

அவர் வாய் கொஞ்சம் திறந்தபடி நின்றது. வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அப்பா, நான்தான்பா."

"அவரு..." என்றார். "அவரு சீட்டுல இல்லம்மா."

செக்ஷனில் இரண்டு மூன்று தலைகள் நிமிர்ந்தன. அந்தப் பக்கம் அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லையாம். பிறகு புரிந்ததாம்.

"எப்ப வருவாருங்க?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா."

"வந்தா ஒரு சேதி சொல்லணும்."

"சொல்லுங்க, குறிச்சுக்கிடுதேன்." நிஜமாகவே ஒரு பென்சிலைத் தேடி எடுத்தார்.

"நாளைக்குக் காலைல எனக்கு ஆபரேஷன்னு சொல்லுங்க."

"சரிம்மா."

"பயமா இருக்குன்னு சொல்லுங்க."

பென்சில் காகிதத்தைத் தொடவில்லை. "சொல்லுதேன்" என்றார்.

"அம்மா ஞாபகமாவே இருக்குன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் இல்ல."

"யாரு பேசினதுன்னு சொல்லட்டும்?"

அவர் பென்சிலைப் பிடித்தபடியே இருந்தார்.

"அவரு மக பேசினேன்னு சொல்லுங்க."

"சரிம்மா. சொல்லிருதேன்."

ரிசீவரை வைத்தார். அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை. நான் எழுந்து போய் அவர் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன், திருப்பிக் கொடுக்கவும் தயாராக இருந்தேன்.

"உள்மணில விட்டுட்டீங்களே தங்கச்சி" என்றார். குரலில் கோபம் இல்லை.

"நான்தான் சார் வுடச் சொன்னேன்."

அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். வெளிச்சம் ஆடிக்கொண்டேதான் இருந்தது. பிறகு ஏதோ ஆபீஸ் வேலை சொல்வதுபோல, "கலாவதிட்ட அந்த பூத்து நம்பரு இருக்கான்னு கேளு. இருந்தாப் போடச் சொல்லு" என்றார்.

"எதுக்கு சார்?"

"ஆளு வந்துட்டாருன்னு சொல்லணும்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. திரும்பிக்கொண்டு கலாவதியைக் கூப்பிட்டேன். லைன் அறுந்தால் கூப்பிடலாம் என்று அவள் நம்பரை வாங்கித்தான் வைத்திருந்தாள். போட்டுக் கொடுத்தாள். அவர் தானே பேசுவதாகச் சொல்லி ரிசீவரை வாங்கிக்கொண்டார். அந்தப் பக்கம் பூத்துக்காரர் எடுத்தார். அந்த ஆள் கத்திப் பேசியது எனக்கே கேட்டது.

"இன்னா? அந்தப் புள்ளத்தாச்சிப் பொண்ணா? அது பூட்ச்சே. நர்சம்மா வந்து உள்ள இட்டுனு போய்ட்டாங்க. இனிமே எங்க ஃபோன்ல வரும்? வார்டாண்டதான் போய்ப் பாக்கணும்."

அவர் ரிசீவரை வைத்தார். எழுந்தார். ஆணியில் மாட்டியிருந்த துணிப்பையை எடுத்தார்.

"அப்ப நேர்லதான் போயிச் சொல்லணும்" என்றார்.

சூப்பரின்டென்டென்ட் விழித்துக்கொண்டு, "லீவு சொல்லாம எங்கய்யா போற?" என்று கேட்டது அவர் காதில் விழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வராந்தாவில் இறங்கினார். கீழே ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. எந்த ஊர் பஸ்ஸோ தெரியாது. பிரசவ வார்டு எந்தப் பக்கம், அங்கே யார் யார் இருப்பார்கள், பையனின் அம்மாவை எப்படி அடையாளம் தெரிந்துகொள்வது என்று சொல்லி அனுப்பலாம் என்று நான் பின்னாலேயே ஓடினேன். அவர் அதற்குள் கீழே இறங்கி, கையை ஆட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்.